தேய்ந்துபோன பின் பிரேக்

அந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மலைக்கு ஆள் போகாத நாள். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் வெறுந்தரையில் சாய்ந்திருந்தேன். வாசலில் இருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. "இந்தா, பின் பிரேக்குக்குப் பேடு மாத்தணும்ல? வெரசா வா."

வேறு நாளாக இருந்தால் காது கேட்காத மாதிரி கிடந்திருப்பேன். அன்றைக்கு எழுந்து போனதற்குக் காரணம் இருந்தது. குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு பாதித் தூரம்தான் வரும். அதற்கப்புறம் கல்லும் சேறுமாகக் கிடக்கும் தடத்தில் ஏறவென்றே வாங்கிய உயரமான பைக் இந்த வண்டி. போன வருஷ மழையில் அந்தத் தடத்தில் வண்டியோடு சரிந்து அவருக்குக் கால் முறிந்தது. போடிக் கடைத்தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த நான், வேறு வழியில்லாமல் இதில் ஏறினேன். அன்றிலிருந்து காலையில் ஏறுவதும், சாயங்காலம் பின்னால் காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் என் பாடாகிவிட்டது. இப்போது எலும்பு டாக்டர், கால் நன்றாகச் சேர்ந்துவிட்டது, தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதல் அவர் போவதாகப் பேச்சு. இந்த ஒரு சோலியை முடித்துக் கொடுத்துவிட்டால் என் முதுகு எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். குத்தவைக்க இன்னும் கால் மடங்காது என்பதால் வேலை எனக்கு, வாய் அவருக்கு. "முதல்ல சேத்தைக் கழுவு." கழுவினேன். "பிரேக் ஆயில் டப்பா மூடியைத் தெறந்து வையி, இல்லேன்னா பொங்கிரும்." திறந்து வைத்தேன். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள ஸ்குரூடிரைவரால் நெம்பினால் அது அசைவேனா என்றது. "பூப்பறிக்கிற மாதிரி தள்ளுனா எங்கிட்டுப் போகும்? அழுத்திப் பிடி." எழுந்து அந்த ஸ்குரூடிரைவரை அவர் கையிலேயே திணித்திருப்பேன். இன்றோடு இந்தத் தொல்லை விட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பேடுகளைப் பிடித்திருந்த கம்பியை உருவினதும் இரண்டும் என் மடியில் விழுந்தன.

"கொண்டா, பார்ப்போம்."

நான் கொடுத்திருக்கக் கூடாது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேடு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, வெறும் தகடுதான். பிறகு குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். அங்கே பேடு புதுசு மாதிரி தடிமனாக இருந்தது.

"இதை இந்த மழைக்கு முன்னாடிதேன போட்டோம்?"

"மூட்டைப் பாரம்ல" என்றேன்.

"மூட்டைக்கு இப்பிடித் தேயாது. கியர்ல விட்டா எஞ்சினே பாதி பிடிக்கும். நீ மேலருந்து கீழ வரைக்கும் மிதிச்ச காலை எடுக்கவே இல்ல." தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "பயந்துக்கிட்டேதேன் எறங்குறியா?"

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. குரங்கணி டீக்கடையில் 'பைக்குக்கார அக்கா' என்று எனக்குப் பேர். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போவேன். அவர் விழுந்த இடம் வரும்போது மட்டும் வாய்க்குள் சாமி பேராகச் சொல்லுவேன். தெரிந்தால் ஆறாத காலோடு அவரே கிளம்பிவிடுவாரோ என்றுதான் வீட்டில் மூச்சு விடவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆமா. தெனமும்தேன்" என்றேன்.

கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. புதுப் பேடுகளை மாட்டிக் கம்பியைச் செருகி முறுக்கினேன். பெடலைக் கையால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போனது. பிடிப்பு வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் பழைய பேடையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் இப்பிடித்தேன் தேயும். விழுகுறதுக்கு முன்னாடியே. பட்டறையில விட்டா கண்டுபிடிச்சுச் சிரிப்பான்னுதேன் எப்பவும் நானே மாத்துறது."

கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த மலையில் நான் இறங்கியிருக்கிறேன். பாட்டு முணுமுணுத்தபடி ஓட்டுவார். சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது, அதை வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லை. மறுபடி அழுத்தினேன். நாலைந்து அழுத்துக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி நின்றது.

"பிடிச்சிருச்சு" என்றேன். "நாளைக்கு நீங்க கெளம்பலாம்."

அவர் முழங்காலைத் தடவினார். காலையில் கடைவரை விறுவிறுவென்று நடந்து போய்ப் பால் வாங்கி வந்த கால்தான் அது.

"இன்னும் லேசா வலிக்கிற மாதிரித்தேன் இருக்கு."

பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் தரையில் கிடந்த ஸ்பேனர் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். எழுந்திருக்க முடியவில்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

"வலிச்சா இருங்க. நானே போயிக்கிறேன்" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.