முதல் தம்ளர் ராஜாங்கத்துக்கு

குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று வரும் காற்றை "சீ, போ" என்று விரட்டிவிட்டு, மடியில் செருகிய எவர்சில்வர் தம்ளரை எடுத்து நிரப்பி, அண்ணாந்து மடமடவென்று குடிக்கிறார் ராஜாங்கம். குடத்தோடு நிற்கும் பெண்கள் அவர் தொண்டையையே பார்க்கிறார்கள். குடித்தவுடன் ருசி சொல்லியாக வேண்டும் அவருக்கு. "நேத்திக்கி சப்புனு இருந்துச்சு. இன்னிக்கி எளநிதான், புடிங்க."

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளை ஒட்டிய தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் போர்வெல்கள் வற்றியபோது, நிலக்கரிச் சுரங்கத்தில் இறைத்துக் கொட்டுகிற நீரைச் சுத்தம் செய்து இங்கே விட்டார்கள். கரி கழுவின தண்ணி என்று யாரோ கிளப்பிவிட, ஊரே முகம் சுளித்தது. பாத்திரம் கழுவலாம், பொம்மைக்கு மண் குழைக்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது. ராஜாங்கம் வாதாடவில்லை, வாதாட அவருக்கு விஷயமும் தெரியாது. தினம் எல்லோர் கண்ணெதிரிலும் குடித்தார், கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். யாராவது வயிற்றுவலி என்று வந்தால்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ராத்திரி தின்ன போண்டாவ கேளு, எங்கிட்ட வராத."

மெல்ல மெல்லத் தெரு குடிக்கத் தொடங்கியது. மசியாதவள் அவர் மனைவி அமிர்தம் ஒருத்திதான். தன் பானைக்கு மணிமுத்தாற்று ஊற்றிலிருந்துதான் சுமந்து வருவாள்.

மகள் அனுசியாவைப் பெண் பார்க்கக் கம்மாபுரத்திலிருந்து வந்த அன்று, எதிர்பார்த்ததைவிட ஆட்கள் அதிகம். ஊற்றுத் தண்ணீர் முழுவதும் காபிக்கே சரியாகிவிட்டது. ராஜாங்கம் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தார். கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பழக்க தோஷம், முதல் தம்ளரைத் தானே குடித்துவிட்டார்.

"என்னங்க, வந்தவங்களுக்குக் குடுக்காம நீங்க குடிக்கிறீங்க?" என்றாள் மாப்பிள்ளையின் தாய் கொளஞ்சியம்மாள்.

அசடு வழிய, சுரங்கத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது: கொளஞ்சியம்மாளின் நிலம் போனதே அந்தச் சுரங்கத்துக்குத்தான். அடுப்படியில் அமிர்தம் தலையில் கைவைத்துக்கொண்டாள். சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் தானே ஒரு தம்ளர் மொண்டு கையில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க கெணறு அங்கதான் இருந்துச்சு. நாலு ஊருக்கு எறைச்சாலும் வத்தாது. போனது போனதுதான்னு இருந்தேன். இங்க வந்து பாய்றது தெரியாம போச்சே."

சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். ராஜாங்கம் தம்ளரை வாங்கக் கை நீட்டினார். அவளோ அவரைத் தாண்டி, கதவோரம் நின்ற அனுசியாவிடம் அதை நீட்டினாள்.

"இன்னொரு தம்ளர் ஊத்தும்மா."