கொட்டான் மாறிய லில்லிக் கிழங்கு

காலை பத்து இருபதுக்கு, ஒக்கூர்க் காதுகுத்து வீட்டிலிருந்து திரும்பித் தாழ்வாரத்தில் பையை வைத்தபோது, லில்லிக் கிழங்கு காய்ந்த ஓலைக் கொட்டான் பாதி காலியாக இருந்தது.

பங்குனி பிறந்தால் மழை லில்லிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவேன். இலை பழுத்துச் சாய்ந்ததும், நெருக்கியடித்து வளர்ந்த தூர்களைத் தோண்டிச் செம்மண்ணை உதறி, தாய்க்கிழங்கை ஒட்டிய குட்டிகளைப் பிரிப்பேன். கழுவக் கூடாது, அழுகிவிடும். அமுக்கினால் நெகிழ்கிறதை எறிந்துவிட்டு மற்றதை நிழலில் காயவைத்து, கோடை மழைக்கு முன்பு நடுவேன். காய்ந்த கிழங்கு அச்சு அசல் சின்ன வெங்காயம். ஆனால் விஷம். அதே தாழ்வாரத்தில் இன்னொரு கொட்டானில் எங்கள் வீட்டு வெங்காயமும் கிடக்கும்.

"எந்தக் கொட்டான்ல கை வச்சீக?" என்று கணவரிடம் கேட்டேன்.

"இங்குட்டு இருந்ததுலதான். வெங்காயக் குழம்பு வச்சேன். உரிக்கையில கண்ணே எரியல, என்னா வெங்காயம்!"

"தின்னீகளா?"

"நாக்குல தொட்டுப் பாத்தேன். லேசாக் கசந்துச்சு. ஒரு அச்சு வெல்லத்தப் போட்டேன்."

"புள்ளைக்கும் கட்டிக் குடுத்தீகளா?"

"ஆமா" என்றவர் அப்போதுதான் கொட்டானைத் திரும்பிப் பார்த்தார்.

எட்டாவது படிக்கும் மகள், கோ-கோ போட்டிக்காகப் பள்ளி வேனில் சிங்கம்புணரி போயிருந்தாள். அவளிடம் போன் இல்லை. விளையாட்டு வாத்தியாரின் போன் அடித்து அடித்து நின்றது. தெரிந்த டாக்டரைக் கேட்டால், "சாப்பிட்டிருந்தா வாந்தி எடுக்கும், உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மிச்சக் கிழங்கையெல்லாம் அப்போதே தொட்டியில் நட்டேன். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அவசரத்தில் சிலது ஆழமாகப் போய்விட்டது. இப்போது அதுவும் பூத்திருக்கிறது, தொட்டி விளிம்பெல்லாம் ரோஸ் நிறம். பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குழம்பில் வெங்காயம் முழுசாகக் கிடந்தால் கரண்டியால் நசுக்கி மோந்து பார்க்காமல் என்னால் பரிமாற முடிவதில்லை.

அன்று மத்தியானம் கணவர் போனில் கூப்பிட்டார். "மைதானத்துல யாருமில்ல. மொத ஆட்டத்துலயே தோத்துட்டாகளாம். வேன் கெளம்பிருச்சு."

அப்படியானால் வேனிலேயே சாப்பிட்டிருப்பாள். தெருமுனைக்கு ஓடி வெயிலில் நின்றேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன்.

வேன் வந்தது. டிபன் பையை ஆட்டிக்கொண்டு இறங்கினாள். தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்பா குழம்பத் தின்னியா? சொல்லு!"

"விடும்மா, வலிக்குது. அப்பா சமையலையா? மூடியவே தொறக்கல. வாத்தியாரு பரோட்டா வாங்கித் தந்தாக." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாட்ட மட்டும் தின்னுட்டேன்னு சொல்லிரும்மா. பாவம்."