ஒரே பக்கம் விட வேண்டிய ரப்பர்

மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம் ஒரு ரப்பர் மில். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் ரப்பரை அரைத்துக் கால்மிதியும் மாட்டுத்தொழுவத்து விரிப்பும் செய்கிற இடம். மாடக்கண்ணு அங்கே உருளை மெஷின்காரர். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ரப்பரை விட்டு, தகடாக வருவதை மடித்து, குறுக்கே திருப்பி மறுபடி விடுவார். அப்படித் திருப்பித் திருப்பி விட்டால்தான் சரக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கலக்கும். குற்றாலநாதரை நினைத்துத் திருநீறு பூசாமல் அவர் ஸ்விட்சைப் போட்டதில்லை.

ஒரே மகள் நிர்மலாதேவி கல்லூரியில் ஆராய்ச்சி செய்தாள். கார்பன் நானோகுழாய் என்று ஒரு கறுப்புப் பொடி. தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தாலும் அவ்வளவு மெல்லிசு வராதாம். அதை ரப்பரில் கலந்து, குழாய்களெல்லாம் ஒரே திசையில் படுக்கும்படி செய்துவிட்டால் அந்தத் திசையில் மின்சாரம் நன்றாக ஓடும் என்றாள். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களின் செருப்புக்குள் வைத்தால், எங்கே அழுத்துகிறது என்று காட்டிக்கொடுக்குமாம். அம்மா மாடத்தியின் காலைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனையே வந்தது.

“கரண்ட் பாயாதுன்னுதான ஏட்டி லைன்மேன் ரப்பர் கையுறை மாட்டுதான். நீ அதுக்குள்ளயே பாய விடணும்னு நிக்க” என்று மாடக்கண்ணு கேலி செய்வார்.

“உங்க மில்லுல வச்சே பாய விடுதேன், பாருங்க” என்பாள்.

பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

கூடப் படித்த சஃப்ரின் ஒருநாள் மில்லுக்கு வந்தாள். நிர்மலா தன் கையால் பொடியைப் பக்குவம் செய்து கலந்த ரப்பரில் மிஞ்சியது ஒரு உருண்டைதான். அதைத் தகடாக்கி அளந்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடும், நிர்மலா பேரை முதலில் போட்டு அனுப்பலாம் என்றாள். மகள் பேர் அச்சில் வரும் என்று கேட்டதும் மாடத்தி குற்றாலநாதருக்கு நெய்விளக்கு நேர்ந்துகொண்டாள்.

“ஒரே பக்கமா மட்டும் விடுங்க மாமா. திருப்பிராதீங்க” என்று சஃப்ரின் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, சூட்டு அச்சைத் தயார் செய்ய உள்ளே போனாள்.

மாடக்கண்ணு சரியாகத்தான் விட்டார். தகடு இளஞ்சூடாகக் கைக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்த மகளின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. கண்ணீர் மறைத்துக்கொண்டு வந்தது. கை மட்டும் நிற்கவில்லை, தன் பழக்கத்துக்கு வேலை செய்தது.

அச்சில் வெந்து வந்த தகட்டின் மேல் சஃப்ரின் மீட்டரை வைத்தாள். நீளவாக்கில் வைத்தாள், குறுக்கே வைத்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் காட்டியது.

“மாமா, திருப்பிட்டீங்களா?”

அவர் தன் இரண்டு கையையும் பார்த்தார். மடித்ததும் திருப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெந்த ரப்பரை மறுபடி பிசைய முடியாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரை இனிப் போகாது. சஃப்ரின் குறை சொல்லவில்லை. தகட்டை அவர் கையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதைப் பார்க்கவே மனசு தாங்காமல், கழிவு ரப்பர் குவியலில் வீசிவிட்டு அவரும் வீட்டுக்கு நடந்தார்.

வாசலிலேயே மாடத்தி கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு,

“அந்தத் தகடு எங்க?” என்றாள்.

“வீசிட்டேன்.”

“அவ பெசஞ்சதுல்லா. வீட்டுல இருந்திருக்கும்லா.”

அவர் வந்த வழியே திரும்பி ஓடினார். மில்லில் அன்றைய வேலை முடிந்து, வெட்டிய துண்டுகளையெல்லாம் குவியலில் கொட்டியிருந்தார்கள். சாரல் விழுந்து எல்லாம் நனைந்து பளபளத்தது. அத்தனையும் கறுப்பு. மாடக்கண்ணு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தடவிப் பார்த்தார். எது மகளுடையது என்று தெரியவில்லை.