கொழுந்தனார் மாற்றிய மதர்போர்டு

ஒரு ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் குளிர்ச்சி சீக்கிரமே போய் என் கைச்சூடு ஏறிவிட்டது. கொடுத்தவர் என் கணவரின் தம்பி. "இத்த நீங்க வச்சிக்கங்க அண்ணி. இது உங்க கைல கீற வரைக்கும் ஒண்ணும் போவாது. நான் காப்பி எடுத்த டிஸ்க்லதான் நோண்டப் போறேன்" என்றார். எங்கள் வீட்டில் பதற்றப்படுவது என் பங்கு. பதறுகிறவள் கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். அந்த நாளை எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் மகளுக்கு வாய்ப்பேச்சு வரவில்லை. அவளுடைய மேசைக் கணினித் திரையில் வரிசை வரிசையாகப் படங்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் அதற்குரிய சொல்லைக் கணினி என் குரலில் சொல்லும். தண்ணீர், பசி, வலி, மாடி, மழை, அப்பா, சித்தப்பா. ஒவ்வொரு சொல்லாக நான் பேசிப் பதிவுசெய்ய, பள்ளி ஆசிரியை இடம் பார்த்துச் சேர்த்து, பல வருடங்களாக வளர்ந்த திரை அது. எந்தப் படம் எந்த மூலையில் என்பது அவள் விரலுக்கே தெரியும். அந்த மென்பொருளைச் செய்து விற்றவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். இனி புதிதாக நிறுவ வழியில்லை. ஏற்கெனவே இருந்தது ஓடினால்தான் உண்டு.

ஐப்பசி மழையில் பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு தடவை வந்தபோது விளக்குகள் கண்கூச எரிந்தன. ஃபிரிட்ஜ் தப்பியது, கணினி தப்பவில்லை. பூந்தமல்லியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டு போய்விட்டது, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. "போர்ட மாத்தி, டிஸ்க்க மொத்தமா அழிச்சு ஃபார்மேட் பண்ணி, புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றோம் மேடம். உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்துக் குடுத்துர்றோம்" என்றதும் அந்த மூச்சு நின்றது. ஃபைல்கள் வந்து என்ன செய்ய? அவற்றைப் பேசவைக்கிற மென்பொருள் வராதே. கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கைபேசியில் அதே படங்களைப் போட்டுக் காட்டினோம். தட்டிவிட்டாள். பிறகு மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். சாப்பாட்டை ஒதுக்கினாள். சுவரோரம் குந்திக்கொண்டு தலையைச் சுவரில் தேய்ப்பாள். கோபமா, பயமா, எங்கேயாவது வலிக்கிறதா? தொட்டுப் பார்க்கவும் விடவில்லை. என்ன என்ன என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மின்விசிறி சட்டென்று நின்றால் போதும், நான் முதலில் அவள் அறைக்குத்தான் ஓடுகிறேன்.

கொழுந்தனார் அப்போது திருவேற்காடு பக்கம் வீடுகளுக்குக் கேமரா மாட்டும் வேலையில் இருந்தார். கணினியும் பார்ப்பார். அவர் எங்கள் வீட்டில் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். தென்காசியிலிருந்து வந்த எனக்கு அவர் பேச்சு பிடிபடவே வெகுநாள் ஆனது. "ஃபார்மேட்டா? நம்ம ஊட்ல எவனும் அந்த வார்த்தைய சொல்லக் கூடாது. போர்டு மாத்துறது பல்பு மாத்துற மாதிரி அண்ணி" என்றார்.

"போன தீபாவளிக்கு நீ மாத்துன பல்பு எங்கடா எரியுது?" என்றார் என் கணவர்.

"அது பல்போட கோளாறுண்ணே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அசல் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்தார். அசல் என் மடிக்கு வந்தது. பழைய போர்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தி, நகலை மாட்டி, சுவிட்சைப் போட்டார். விண்டோஸ் சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. திரை நீலமாகி நின்றது. தானாக மறுபடி தொடங்கியது, மறுபடி நீலம். கடைசியில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி அமைக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"தம்பி, எதையும் அழுத்திராதீங்க!"

"நான் எங்க அழுத்துனேன்? அது கேட்டுக்கினே கெடக்கட்டும்."

கொழுந்தனார் பால்கனிக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து போர்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்று அங்கே ஒரு வரி இருந்தது. பழைய போர்டில் ஒரு முறை, புதியதில் வேறு முறை. "ஆளு அதே ஆளுதான் அண்ணி. நாம வாசப்படிய மாத்தி வச்சிட்டோம். ஊடு தெரியாம முழிக்கிறான்" என்று சிரித்தார். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினார்.

இந்தத் தடவை நீலம் வரவில்லை. புதிய பாகங்களைத் தயார் செய்வதாகச் சொல்லிச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டு, அவளுடைய பழைய திரை அப்படியே வந்தது. மூலையில் மட்டும் விண்டோஸின் உரிமத்தை உறுதிசெய்யச் சொல்லி மங்கலான எழுத்துகள். அதே கணினிதான், உள்ளே பாகம் மாற்றியிருக்கிறோம் என்று இணையத்தில் என் விண்டோஸ் கணக்கு வழியாகத் தெரிவித்ததும் அவையும் மறைந்தன. கொழுந்தனார் மழைப் படத்தை அழுத்தினார். "மழை" என்றது என் குரல். அப்போதும் நான் டிஸ்க்கைக் கீழே வைக்கவில்லை.

கணினியை அணைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். அவளே போடட்டும் என்றார். அவள் பொத்தானை அழுத்தித் தலையைச் சாய்த்து நின்றாள். திரை வந்தது. அவள் உட்காரவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். எல்லாம் அப்படியேதானே இருக்கிறது, இன்னும் என்ன குறை?

"பீப்பு!" என்று கத்தினார் கொழுந்தனார். "போட்டவொடனே பீப்புனு ஒண்ணு கத்துமே அண்ணி, அது வரல! இத்தினி நாளு நம்ம காதுல உழவே இல்ல பாருங்க." பழைய போர்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்ததாம். அதை எடுக்க மேசைக்கு அடியில் தவழ்ந்து, பழைய போர்டைப் போட்டுவைத்த பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். காத்திருந்தாள். பிறகு, "பீ" என்றாள். மெல்லியதாக, ஒரே சீராக, அவளே சொன்னாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரை வந்ததும் அவள் விரல் தயங்காமல் போனது.

"வலி" என்றது என் குரல். "காது."

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். காதுக்குள் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. சொட்டு மருந்து விட்ட இரண்டொரு நாளில் சாப்பிட ஆரம்பித்தாள். கொழுந்தனார் அந்தக் குட்டி ஸ்பீக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "மாட்டவா அண்ணி?" என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன்.

இந்த போர்டும் ஒரு நாள் போகும். இப்போது நகல்கள் இருக்கின்றன, எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எனக்கே தெரியும். பதறிக்கொண்டாவது மாற்றிவிடுவேன். மஸ்கட்டிலிருந்து அழைக்கும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பே கொழுந்தனார் கேட்கிறார்: "இன்னா அண்ணி, பாப்பா பீப்பு குடுக்குதா?"

"தெனமும் குடுக்கா தம்பி" என்கிறேன். "அத குடுத்தாதான் கம்ப்யூட்டர் ஆன் ஆவும்னு நெனைக்கா."

"நெனைக்கட்டும் அண்ணி" என்கிறார். "அது கரெக்டுதானே."