எசன்ஸ்காரர் வீட்டு பபிள் டீ

மாடியில் ஓர் அறை காலி என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்ன படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் நெஞ்சு தானாக நிமிரும். கேட்காவிட்டால் நானே பேச்சை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவேன். கதவைத் திறந்த பெரியவர் எனக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ஐயா."

"அட, நம்ம ஆளு!" என்று தோளில் தட்டினார். வாடகைப் பேச்சு அப்படியே நின்றுபோனது. "நான் சர்வீஸ் பூரா எசன்ஸ் கம்பெனி. உள்ள வாங்க. ஏம்மா, மாடிக்கு ஆள் வந்தாச்சு, டீ எடுத்துட்டு வா."

மருமகள் கொண்டுவந்தது நான் நினைத்த டீ இல்லை. உயரமான கண்ணாடித் தம்ளரில் இளஞ்சிவப்பாக ஒரு திரவம், மேலே ஐஸ், அடியில் பழுப்பு உருண்டைகள், நடுவில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு ஸ்ட்ரா. இழுத்த இழுப்பில் ஓர் உருண்டை நேராகத் தொண்டைக்குள் பாய்ந்து, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மெல்லணும் தம்பி, முழுங்கக் கூடாது. எம்.எஸ்ஸில இதெல்லாம் நடத்த மாட்டாங்களா?"

கதவு மறைவில் நின்ற பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

அடுத்த வாயை மென்று குடித்தேன். டீயின் லேசான துவர்ப்பு, ஸ்ட்ராபெரியின் புளிப்பு, பல்லுக்கு இதமாக நழுவுகிற உருண்டை. அதை அவர்கள் முத்து என்று சொன்னார்கள். நிஜமாகவே நன்றாக இருந்தது. பெரியவர் முன்னால் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம் ஐயா."

"கேட்டியாம்மா? கெமிஸ்ட்ரி படிச்சவரே சொல்லிட்டார்!"

அந்த அக்கா சிரித்தார். தம்ளர்களைக் கொஞ்சம் அவசரமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தெருவில் அவருக்கு எசன்ஸ்காரர் என்றே பெயர். பாட்டில் நிரப்பும் பிரிவில் வேலை. அன்னாசி ஒரு நாள், ஆரஞ்சு ஒரு நாள், வாழைப்பழம் ஒரு நாள். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாராம். "இன்னிக்கு லிச்சிங்களா சார்?" பெரும்பாலும் சரியாக இருக்குமாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். மனைவி அவர் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார். "எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது தம்பி. எல்லாரும் சும்மா ஓட்டுறாங்கன்னு நெனைப்பேன்," என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சில் என்ன இருக்கிறதென்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மனைவி போய்விட்டார். மகனுக்குக் கப்பலில் வேலை, வருவது எப்போதாவது. பெரியவர் அணைத்து வைத்த டிவிக்கு எதிரே, தாடியோடு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாராம். மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்ப்பவர். காலையில் போகும்போது பார்த்த அதே நாற்காலியில் சாயங்காலமும் அவரைப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

அப்படி இருந்த ஒரு நாளில்தான் வாண்டு கடைத்தெருவில் வாங்கிய பபிள் டீயோடு வீட்டுக்குள் நுழைந்தாள். தாத்தா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த நிறம் பழத்துல வராது. எசன்ஸ். இதைப் போய் வெளியில வாங்கணுமா? அதுவும் இந்த வீட்லயா?" என்று எழுந்தார்.

முதல் முயற்சியில் மரவள்ளி மாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். அந்த மாவுக்கு ஒரு குணம் உண்டு. இறுக்கிப் பிடித்தால் கல்லாக நிற்கும், கையைத் தளர்த்தினால் விரலிடுக்கில் ஒழுகி ஓடும். மேடையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து மிதியடிக்கும் அது ஓட, தாத்தாவும் பேத்தியும் துரத்தியிருக்கிறார்கள். பிறகு செல்போனில் பார்த்துக் கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிச் சூட்டோடு பிசையக் கற்றுக்கொண்டார். கயிறு மாதிரி திரித்து, நறுக்கி, உள்ளங்கையில் உருட்டி, வேகவைத்துப் பாகில் போடுவார். ஒவ்வோர் உருண்டையையும் வேகப்போடும் முன் ஸ்ட்ராவின் வாயில் வைத்துப் பார்ப்பார். சரியான அளவில் இல்லாதது திரும்பவும் மாவுக்குப் போய்விடும். முத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

டீதான் சிக்கல். சொட்டுக் கணக்கில் விட வேண்டிய எசன்ஸை அவர் மூடிக் கணக்கில் ஊற்றினார். முதல் நாள் நடந்ததை அக்கா பின்னால் ஒரு சமயம் என்னிடம் சொன்னார்.

"வாயில வச்சா சோப்புத் தண்ணி தம்பி. வாண்டு துப்பப் போனா, தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். ஆனா மாமா அன்னிக்குத்தான் தாடி எடுத்திருந்தார். எப்படிம்மா இருக்குன்னு கேக்கறார். நல்லா இருக்கு மாமான்னுட்டேன். உடனே எழுந்து போய் இன்னொரு தம்ளர் ஊத்திட்டு வந்தார். அதையும் குடிச்சேன்."

அன்றிலிருந்து பரிமாறுவது தன் வேலை என்று அக்கா சொல்லிக்கொண்டார். பெரியவர் கலந்து வைத்த ஜாடியைச் சமையலறைக்கு எடுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு, முக்கால்வாசியைத் தொட்டியில் கொட்டுவார். மிச்சத்தில் வேறு டீயும் பழக்கூழும் சேர்ப்பார். கூழை உறையவைத்து, ஃப்ரிட்ஜில் பட்டாணிப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நிறம் ஏன் வெளுத்திருக்கிறதென்று மாமனார் கேட்டால், "ஐஸ் போட்டா வெளுக்கத்தானே செய்யும் மாமா," என்று பதில் தயாராக இருக்கும். நான் முதல் நாள் குடித்துப் பாராட்டியது அதைத்தான். பெரியவரும் கூடத்தில் உட்கார்ந்து அதையேதான் குடித்தார், தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டு.

இந்தக் காரியம் ஒரு வருஷத்துக்கு மேல் சிக்கலில்லாமல் ஓடியது. பெரியவரும் மனிதர்களோடு பேச ஆரம்பித்துவிட்டார். தெருவில் யாருக்காவது புது வேலை கிடைத்தால்கூட "வீட்டுக்கு வாங்க, டீ குடிங்க" என்பார். அப்படி இருக்கும்போதுதான் வாண்டின் பள்ளியில் பெற்றோர்கள் கடை போடும் நாள் வந்தது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பெரியவர் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

மாடிப்படியில் என்னை மறித்துச் சொன்னார்: "கம்பெனில நான் நிரப்பின பாட்டில் எந்தெந்த ஊருக்கோ போயிருக்கும் தம்பி. குடிச்சவங்க முகத்தை ஒரு நாள்கூட பாத்ததில்ல. இந்த ஒரு தடவை, முன்னாடி நின்னு, முகத்தைப் பாத்துடணும். நீங்க கேனைத் தூக்க வந்தா போதும்."

அக்கா தன்னால் ஆனதைச் செய்தார். "நான் வந்து ஊத்தறேன் மாமா, நீங்க கல்லால உக்காருங்க," என்று சொல்லிப் பார்த்தார். கடைசி நேரத்தில் கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, மதியம் வரை லீவு இல்லை என்று ஆகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் பெரியவர் குளிக்கப் போன இடைவெளியில் அவர் கலந்த டீயைக் கொட்டிவிட்டு, கேன் முழுக்கத் தானே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தார். காலையில் நிம்மதியாக வேலைக்குப் போனார்.

நான் கேனைத் தூக்க இறங்கி வந்தபோது பெரியவர் அதன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை, வழித்த முகம். ஐஸ் போடாத டீ. ஆனாலும் வெளுப்பாக இருந்தது.

"நிறம் செத்துப்போச்சே," என்றார். மேல் அலமாரியிலிருந்து எசன்ஸ் பாட்டிலை எடுத்தார். ஒரு மூடி ஊற்றினார். கலக்கிப் பார்த்தார். இன்னொரு மூடி. "கூட்டம் வர்ற இடம், கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்." இன்னொன்று.

சமையலறையில் சென்ட் பாட்டில் உடைந்த மாதிரி இருந்தது. "வாசனை ரொம்பத் தூக்கலா இருக்கே ஐயா," என்றேன்.

"ஐஸ் விழுந்தா பாதி அடங்கிடும் தம்பி. இது கம்பெனிக் கணக்கு."

வாழ்நாளெல்லாம் எசன்ஸோடு இருந்தவர் சொல்கிறார். கேனைத் தூக்கிக்கொண்டேன்.

வகுப்பறை வராந்தாவில் எங்கள் மேசை. "எங்க தாத்தா டீ" என்று வாண்டு வண்ணப் பென்சிலால் எழுதிய அட்டையை முன்னால் ஒட்டியிருந்தாள். மணி அடித்ததும் வரிசை சேர்ந்துவிட்டது. பெரியவர் ஒரு தம்ளருக்கு ஒரு கரண்டி முத்தும் ஐஸும் போட்டு, டீயை ஊற்றி, ஸ்ட்ராவைச் சொருகி, இரண்டு கையாலும் நீட்டினார். நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்தார்.

முதலில் ஓர் அம்மா. உறிஞ்சினார், விழி ஒரு கணம் நின்றது, புன்னகையோடு தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் தம்ளரை வைத்தார். அடுத்து ஓர் ஆசிரியர், வாயை மூடிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடினார். பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. வாண்டின் வகுப்புப் பையன் ஒருவன் அங்கேயே துப்பினான்.

"ஐயே! இது எங்க அக்கா ஷாம்பூடா!"

வரிசை கலைந்தது. பெரியவர் ஒரு தம்ளர் எடுத்து, தானே உறிஞ்சி, மெதுவாக மென்றார். "நல்லாத்தானே தம்பி இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். நான் குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போனது.

"இல்லைங்க ஐயா. எசன்ஸ் ரொம்ப அதிகம்."

"அதிகமா?" அவர் மறுபடி உறிஞ்சினார். மூக்கைத் தம்ளருக்குள் விட்டு இழுத்தார். திரும்பத் திரும்ப இழுத்தார்.

அந்தப் பக்கம் வாண்டு அந்தப் பையனின் சட்டையைப் பிடித்திருந்தாள். "எங்க தாத்தா டீ சூப்பரா இருக்கும், தெரியுமா? வீட்ல அம்மா அதைக் கொட்டிட்டு வேற மாத்தி ஊத்துவாங்க! இன்னிக்கு அம்மா வரல, அதான்!"

தாத்தாவுக்காகத்தான் சண்டை போட்டாள், பாவம். பெரியவர் கரண்டியைப் பாகுக்குள் வைத்துவிட்டு, கேனின் மூடியைத் திருகி மூடினார்.

அக்கா கடைச் சீருடையோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது மேசை துடைத்தாகிவிட்டது. பெரியவர் அவரைப் பார்த்து, "வாம்மா. ஊத்துறியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அக்கா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாண்டு அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

வீட்டில் நான் கேனை இறக்கி வைத்தேன். பெரியவர் தொட்டியின் முன் நின்று தடித்த ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாக பிரஷ் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"மாமா..."

"கேக்கறேன் இல்ல?"

"முதல்லேர்ந்தே மாமா."

"அப்ப இவ்வளவு நாளா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னது, உன் டீயை."

"முத்து உங்களோடதுதான் மாமா. முத்தை நான் ஒரு நாளும் தொட்டதில்ல. எல்லாரும் முதல்ல முத்தைத்தான்..."

"முத்துக்கு ஏதும்மா ருசி?" என்றார். "ஊறுற பாகு எதுவோ அதுதான் அதுக்கு ருசி." கழுவிய ஸ்ட்ராக்களைத் துண்டில் பரப்பினார். "முதல் நாளே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். இப்ப சிரிப்பு வரல."

அக்கா மறுநாளே அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். முகர்ந்து பார்க்கக் கொடுத்த எந்தக் குப்பியையும் பெரியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்னாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே பதில். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் ஏதாவது முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து தீர்ந்தது, மூக்கு திரும்பவில்லை.

"ஒரு தடவை பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது. மாமா பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறார். நான் என்ன பண்ணினேன் தெரியுமா தம்பி? அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவுத்து வச்சேன்," என்று அக்கா என்னிடம் சொன்னார். "டீயைச் சரிபண்ணத் தெரிஞ்சுது. மனுஷனைப் பாக்கத் தெரியல."

பெரியவர் அவரை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. ஆனால் ஏதோ ஒன்று அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு மாமா," என்று மருமகள் சொன்னால், "சரிம்மா" என்கிறார். பிறகு தானே போய்க் கண்ணாடி முன் நின்று பார்க்கிறார்.

எனக்கு வேலை மாறி, நான் இப்போது வேறு பகுதியில் குடியிருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். பெரியவர் அதே கீழ்வீட்டில் இருக்கிறார். காலையில் வாண்டைப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் அழைத்து வருகிறார். அவள் கேட்கிற நாளில் மாவு பிசைந்து முத்து உருட்டித் தருகிறார். டீயை மருமகள் கலக்கிறார். அவரும் எல்லோருடனும் உட்கார்ந்து ஒரு தம்ளர் குடிக்கிறார். எப்படி இருக்கிறதென்று கேட்பதில்லை.