நான்கு வீடு தள்ளி ஒரு மதுரைப் பயணம்

நாளை மறுநாள் மதுரையில் மைத்துனனுக்குக் கல்யாணம். மயிலாப்பூரிலிருந்து காரிலேயே கிளம்புகிறோம். ஏழரைக்கு ராகுகாலம். முன்னால் எவ்வளவு ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் என் பழைய கார் இருமுகிறதே தவிர நகரவில்லை.

"தள்ளியாவது வாசலைத் தாண்டிடுங்கோ," என்கிறாள் மனைவி.

தெருவில் நிற்கும் ஜட்கா வண்டிக்கார பாய் கைகொடுக்க, நான்கு வீடு தள்ளிப் போய் நிற்கிறோம். பயணம் ஆரம்பமாகிவிட்டது; இனி வீட்டுக்குள் திரும்பக் கூடாது. எங்கள் வீட்டுக் காபியை அம்மா காருக்கே கொண்டுவருகிறாள்.

மணி பன்னிரண்டு. சொல்லியனுப்பிய மவுண்ட் ரோடு மெக்கானிக்கை இன்னும் காணோம். விழுப்புரத்தில் பிரிக்க வேண்டிய புளியோதரையை இங்கேயே பிரிக்கிறோம். சவாரி முடித்துத் திரும்பிய பாய் எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா சாமி, இன்னும் கிளம்பலியா?"

"காலையிலேயே கிளம்பியாச்சு பாய்," என்று அவருக்கும் ஒரு பொட்டலம் நீட்டுகிறேன்.

ஒரு வாய் போட்டுக்கொள்கிறார்.

"சோக்கா கீது சாமி. மதுர வரிக்கும் தள்ளிக்கினே வரேன்."