போத்தில் மேசைக்கு முன்னால் பெரியம்மா

பெரியம்மாவை நினைத்தால், கனடாவில், ஸ்கார்பரோவின் கல்யாண மண்டபமொன்றில் அவர் கதிரையை இழுத்துக்கொண்டு போன சத்தம்தான் முதலில் கேட்கிறது. அன்று அவருடைய ஒரே மகனின் கல்யாணம். கணவனை இழந்தவர் என்று அவரைப் பின்வரிசையில் இருத்தியிருந்தார்கள். அங்கிருந்துதான் எழுந்து வந்தார்.

பெரியப்பா ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். குடியே அவரைத் தின்றது. ஒரு பனிக்காலத்தில் ஸ்கார்பரோவின் வோபர்ன் பகுதியில் பஸ் தரிப்பிடத்தருகே விழுந்தவர் எழும்பவே இல்லை. அதன்பின் தன் வீட்டு விசேஷம் எதிலும் குடி இருக்காது என்று பெரியம்மா முடிவெடுத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோது அவருடைய அண்ணன், என் மாமா, கேலியாகக் கேட்டார்.

“தங்கச்சி, கனடாவிலை போத்தில் இல்லாத கலியாணமே? ஆர் வருவினம்?”

“வராட்டிச் சோறு மிஞ்சும், அண்ணை.”

மாமா கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும், பெரியம்மாவுக்குத் தெரியாமல் அவர் ஒழுங்கு செய்திருந்த மது பார் மண்டபத்தின் மூலையில் திறந்தது. ஆண்கள் அந்தப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். பெரியம்மா அந்தப் போத்தில் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எழும்படி, சனம் பாக்குது,” என்று மாமா பல்லைக் கடித்தார்.

“பாக்கட்டும். என்ரை மனுசன் ரோட்டிலை கிடக்கேக்கையும் உந்தச் சனம் பாத்துக்கொண்டுதான் நிண்டது.”

பிறகு கண்ணை மூடித் தேவாரம் பாடத் தொடங்கினார். யாரோ சிரித்தார்கள். சிலர் தொலைபேசியில் படம் பிடித்தார்கள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அப்போது யாரும் எதிர்பாராத விதமாக, மணப்பெண்ணின் தாய் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடினார். அடுத்து என் அம்மா. அதன்பிறகு நானும் போனேன். எங்களைத் தாண்டிக் கை நீட்ட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் பார்க்காரர்கள் மேசையை மடித்து எடுத்துப் போனார்கள். மாமா சாப்பிடாமலே போனார். இன்றுவரை பெரியம்மாவின் வாசல் மிதிக்கவில்லை.

குடி ஒழிந்துவிடவில்லை. இப்போதும் எங்கள் கொண்டாட்டங்களில் போத்தில்கள் நிரம்பத்தான் இருக்கின்றன. போன மாதம் மோர்னிங்சைட்டில் இருக்கும் பெரியம்மாவின் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நூறு வருடங்களுக்கும் முன்பு அமெரிக்காவில் பெண்கள் சாராயக் கடைகளுக்குள் போய் முழந்தாளிட்டு, தோத்திரம் பாடிக் கடைகளைப் பூட்ட வைத்த கதையைச் சொன்னேன். கண் வெட்டாமல் கேட்டார்.

“பிறகு?”

“கன கடையள் திரும்பத் திறந்திட்டாங்கள், பெரியம்மா.”

“அதுக்கென்ன?” என்றார். “திரும்பவும் போய்க் குந்தி இருக்கிறதுதானே.”